ஸ்பீக்கர் சோதித்த காது

என் அருமை மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஏதோ நலமாக இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எனக்குக் காது மங்கிவிட்டது அம்மாடி. அதை என் கையாலேயே உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பட்டறை ஸ்பீக்கர் பணக்கார வீட்டுக்குப் போவதில்லை, மாதச் சம்பளக்காரன் ஆசைப்பட்டு ஒரு ஜோடி வாங்குவான், அவனை ஏமாற்றக் கூடாது என்றுதான் இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு ஜோடியையும் நானே கேட்டு அனுப்பினேன். பாட்டு வைக்க மாட்டேன், பாட்டு குறையை மூடிவிடும். ஒருவர் செய்தி வாசிக்கிற பதிவை ஓடவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்பேன். அங்கே ஆள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தால் தேறியது, பெட்டி பேசுகிற மாதிரி இருந்தால் திரும்ப மேசைக்கு. மூன்று மாதமாக எல்லா ஜோடியும் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலவே இருந்தது. பெட்டி செய்கிற தச்சரைத்தான் குறை சொன்னேன். எல்லார் முன்னாலும், கைவேலை மறந்துபோச்சா உமக்கு என்று கேட்டுவிட்டேன். கீச்சென்று வருகிற மேல்சத்தத்தைக் கூட்டச் சொன்னேன், கூட்டினார், இன்னும் என்றேன், இன்னும் கூட்டினார்.

போனதெல்லாம் திரும்பி வந்தது. பத்து நிமிஷம் கேட்டால் தலைவலி, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்று கடைக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தச்சர் பழைய ஜோடியையும் திரும்பி வந்ததையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு, அண்ணே, இது காதைக் கிழிக்குது, உங்களுக்குத் தெரியலையா என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். காது டாக்டர் காட்டிய காகிதத்தில் கோடு பாதி தூரம் நேராக வந்து சரிந்து கிடந்தது, பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் தெளிவாகக் கேட்காது, போனில் இன்னும் மோசம் என்றார். முதலாளி கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்றார், எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பட்டறையில் வேலை குறைவு என்று வீட்டில் பொய் சொன்னேன். உன் அம்மா திட்டுவதில் பாதி காதில் விழாததை லாபம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வெகுநேரம் பேசினாய். முணுமுணுப்பாகத்தான் வந்தது. காதை வைத்துப் பிழைத்தவன், கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, நல்லது அம்மாடி, ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி வைத்தேன். வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை என்று நீ சொல்லியிருக்கிறாய். மறுநாள் உன் அம்மாவிடம் அழுதாயாம். நீங்க மனுஷன்தானா என்று அவள் என் முன்னால் வந்து கத்தியபோதுதான் எனக்குத் தெரியும். அவளிடம் உண்மையைச் சொன்னேன், உனக்கு நானே எழுதிவிடுவதாகவும் சொன்னேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கனம் தூக்காதே, மாத்திரையை விடாதே, அழுகை வந்தால் அடக்காதே. நீங்கள் இருவரும் நல்லபடியாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி என்றும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காமல் செய். அன்றைக்கு என்னிடம் சொன்னதை எல்லாம் எழுதி அனுப்பு, முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல். இப்போதாவது கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா