நன்றி: இணையம்

மார்ச் 3
இனி எழுதப்போவதை எவனும் நம்பமாட்டான். சத்தியமாக நானே பாதிதான் நம்புகிறேன். அக்கா மகளின் புதுக் கேக் கடைக்கு இணையப் பக்கம் அமைத்துக் கொடுத்தேன். பார்த்தவர்களுக்குத் திரையிலிருந்தே வெண்ணெய் ஒழுகும். முகப்பில் ஏழடுக்குக் கேக். இணையத்தில் தேடினேன், படம் கிடைத்தது, இறக்கினேன். மூலையில் யாருடைய பெயரோ அழகைக் கெடுத்தது, வெட்டிவிட்டேன். அதற்காக நான் நன்றி கெட்டவனா? படத்துக்கு அடியில் 'நன்றி: இணையம்' என்று பொறித்தேன்.

மார்ச் 9
பக்கத்தைக் காணோம். படம் எடுத்தவர் புகார் கொடுத்து முடக்கிவிட்டாராம். ஞாயிறு கடைத் திறப்பு. ஆர்டர் எல்லாம் அந்தப் பக்கம் வழியாகத்தான் வரவேண்டும். அக்கா மகள் அழவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.
"மாமா, கேட்டுட்டுத்தானே போட்டீங்க?"
யாரைக் கேட்பது? இணையத்தையா?

மார்ச் 10
படக்காரருக்குப் போன் போட்டேன். கோரைப்பல் பூதம். குரலில் என் வீட்டு ஜன்னல் மூன்று உடைந்தது.
சரி, மெதுவாகத்தான் பேசினார். அது இன்னும் மோசம்.
பார்ப்பது இலவசம் என்றால் எடுத்துக்கொள்வதும் இலவசம் என்று அர்த்தமில்லையாம். பெயர் போட்டால் யாரும் பயன்படுத்தலாம். வியாபாரத்துக்கு என்றால் மட்டும் அனுமதி கேட்கவேண்டும். படத்தின் கீழேயே எழுதியிருந்ததாம். கேக்கைப் பார்ப்பவன் கீழே எதற்குப் படிக்கிறான்?
"சரியான வெளிச்சம் விழற வரைக்கும் காலையிலேருந்து காத்துக்கிட்டிருந்தேன் சார். என் பேரு இணையம் இல்ல."
படத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னேன். புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்.

மார்ச் 12
பக்கம் திரும்ப வந்துவிட்டது. அக்கா மகள் செய்த கேக்கை நானே படம் எடுத்துப் போட்டேன். இமயத்துக்கே பொறாமை வரும் உயரம், கொஞ்சம் சாய்வு. விழாமல் அவள் தாங்கிப் பிடித்ததில் ஓரத்தில் ஒரு விரல் தெரிகிறது.

மார்ச் 14
திறப்பு. வரிசை அடுத்த நாட்டு எல்லையைத் தொட்டது. வந்தவர்கள் எல்லாம் கேட்டது, "அந்தச் சாஞ்ச கேக் இருக்கா?"

ஏப்ரல் 2
யாரோ ஒருவருடைய கேக் கடை இணையப் பக்கத்தில் நான் எடுத்த படம். அதே சாய்வு. அவள் விரலைக்கூட வெட்டவில்லை. அடியில், 'நன்றி: இணையம்'.
அக்கா மகளிடம் காட்டி விழுந்து விழுந்து சிரித்தேன்.
பூதம், ஜன்னல், எல்லை தொட்ட வரிசை எல்லாம் நான் அளந்துவிட்டவை. அந்தச் சிரிப்பும்தான். வலித்தது மட்டும் நிஜம்.