கரண்ட் இருக்கும்போதே

அன்புப் பேத்திக்கு,

உன் அப்பாவைப் பெற்றவள் என் கைப்பட எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், நலம் என்றால் அவ்வளவுதான். நீங்கள் இரண்டு பேரும் வந்துவிட்டுப் போனதிலிருந்து உன் போன் வரவில்லை. உன் அம்மாவிடம் கேட்டால், "வேலை ஜாஸ்தியா இருக்கும் அத்தை" என்கிறாள். இதற்கு முன் ஆஸ்பத்திரியில் வேலை இல்லையா? தின்றுகொண்டே, பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே என்னோடு பேசியவள்தானே நீ? நானே கூப்பிடலாம். ஆனால் நான் போனில் பேசினால் கட்டடம் முழுக்கக் கேட்கும். அதனால்தான் கடிதம். பிழை இருந்தால் சிரித்துக்கொள். மூன்றாம் வகுப்புக்கு மேல் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஒன்று கேட்கிறேன், மறைக்காதே. கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று நீ கூட்டிவந்த அந்தப் பையன் உன்னிடம் ஏதாவது சொன்னானா?

அன்றைக்குச் சாப்பாட்டின் நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து நீ பால்கனிக்குப் போனாய். கதவைச் சாத்தியதுதான் தாமதம், உன் அப்பா வாயைத் திறந்தான். இவனுக்குத் தமிழ் எங்கே புரியப்போகிறது என்ற தைரியம். நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியாததா? லிஃப்டில், கடையில், பஸ்ஸில், பக்கத்தில் நிற்கிறவர்களின் மூக்கு, வயிறு, நிறம் எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு தமிழில் அலசுவோம். அவர்களும் மரியாதைக்குத் திருப்பிச் சிரிப்பார்கள். "கரண்ட் போச்சுன்னா இவனைச் சிரிக்கச் சொல்லணும், இல்லேன்னா எங்க இருக்கான்னே தெரியாது" என்றான் உன் அப்பா. உன் அம்மா சிரித்துவிட்டு, "பொறக்கப்போற புள்ளைய நினைச்சாத்தான் எனக்குப் பயம், பொண்ணாப் பொறந்துட்டா என்ன பண்றது?" என்றாள். அதற்குப் பிறகு இன்னொரு வார்த்தையும் வந்தது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அவன் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தபடி தண்ணீர் குடித்தான். நான் அவன் தட்டில் ஒரு கோழித் துண்டு வைத்தேன். மறுபடி வைத்தேன். போதும் என்று கை காட்டிய பிறகும் வைத்தேன்.

கிளம்பும்போது நீ லிஃப்டைப் பிடிக்க முன்னால் போய்விட்டாய். அவன் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டினான். எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், அழகான தமிழில், "கரண்ட் இருக்கும்போதே கிளம்புறேன் பாட்டி" என்றான். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

வணக்கம், நன்றி தவிர அவனுக்கு ஒன்றும் தெரியாது என்றுதானே நீ சொல்லியிருந்தாய்? ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தாயா? சாப்பாடு முடிந்ததும் தமிழில் பேசி எங்களை அசத்தலாம் என்று இரண்டு பேருமாகத் திட்டம் போட்டிருந்தீர்களா? அப்படியானால் கடைசிவரை ஏன் பேசவில்லை என்று நீ அவனைக் கேட்டிருப்பாயே. என்ன சொன்னான்? கூச்சமாக இருந்தது என்றானா?

சொல்லிவிட்டான் என்றால் உன் கோபம் நியாயம். சொல்லாமல் விழுங்கிவிட்டானோ என்பதுதான் என் பயம். விழுங்கியது உள்ளே கிடந்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மேல்மாடி மூக்குப்பொத்தியைத் தெரியுமல்லவா? நாங்கள் இங்கே குடிவந்த புதிதில், உன் அப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நான் லிஃப்டில் ஏறியதும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பச்சைக் கைக்குட்டை, ஓரத்தில் வெள்ளைப் பூ. தன் பாஷையில் எங்களைப் பார்த்து ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த உன் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்து முழங்கையைத் தேய்த்தான், தேய்த்தான், ரத்தம் வரும்வரை தேய்த்தான். இப்போது அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. லிஃப்டில் பொத்தானைத் தேடித் தடவுகிறாள். நான் அழுத்திக் கொடுப்பதில்லை.

போன வாரம் பொறுக்க முடியாமல் வீட்டில் போட்டு உடைத்துவிட்டேன். "அவனுக்குத் தமிழ் தெரியும்டா" என்றேன். உன் அம்மா, "அய்யய்யோ, முதல்லயே சொல்றதுக்கென்ன? இனிமே அவர் முன்னாடி பார்த்துப் பேசணும்" என்றாள். முன்னாடியாம்! உன் அப்பா, "சும்மா தமாஷுக்குச் சொன்னதும்மா, இதைப் போய்ப் பெரிசு பண்ணாதே" என்றான். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "சட்டைக் கையை மடிச்சுக் காட்டுடா" என்றேன். அந்த வடு இன்னும் இருக்கிறது. அவன் காட்டவில்லை. எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேற்று மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது மட்டும், எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அவ போன் பண்ணாளா?" என்று கேட்டான். இல்லை என்றேன். சாவியை எடுக்காமலே போய்விட்டான்.

கண்ணு, அவனை மறுபடியும் அழைத்து வா. என் பக்கத்து நாற்காலி அவனுக்குத்தான். வாசலிலேயே தமிழில் ஆரம்பிக்கட்டும், சத்தமாகப் பேசட்டும். திட்டுவதானாலும் தமிழிலேயே திட்டட்டும். உன் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து கேட்பார்கள். எழுந்து போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. வாசல் தாண்டும்போது நாமெல்லாம் 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்வோம். அவன் 'கிளம்புறேன்' என்று மட்டும் சொன்னான். அதுதான் எனக்குக் காதிலேயே நிற்கிறது. நம் வழக்கம் அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். நீ சொல்லிக்கொடுக்க மறந்திருக்கலாம். மறந்துவிட்டேன் பாட்டி என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடு. போட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடு.

நீயும் அவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உன் பாட்டி