மயில் கழுத்து நிறம்

11.1.2003, சனி

இன்று நான்கு. மொத்தம் பத்தொன்பது. எல்லாம் செத்த ஆமைகள்.

டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டுக் கரையில் நடக்கிறேன். ஆமை எண்ண வரும் காலேஜ் கூட்டத்து அண்ணன் ஸ்டானிஸ்லாஸ், "எண்ணினது மேல ஒரு கோடு போட்டுடு மங்கை, இல்லன்னா ரெண்டு தடவ எண்ணிடுவோம்" என்றார். பெயிண்டுக்கு எங்கே போவது? படகுக்கு அடித்து மிஞ்சிய டப்பா வீட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

நைனா காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறார். 'ஆமை' என்று சொல்லவே மாட்டார். 'அது'தான். பேரைச் சொன்னால் வலை காலியாக வருமாம். பேரைச் சொல்லத்தான் பயம். கரையை ஒட்டி வலை இழுத்து அதை மூச்சு முட்ட வைத்துச் சாகடிக்கலாம்! இன்னா நியாயம் இது?

19.1.2003

நான் ஒரு லூசு. லூசு.

படகு ஓனர் அய்யாத்துரை வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னா திருமுருகா, மீன்வள ஆபீசுல போட்டோ காட்டி என் போட்டுதான் கொன்னுச்சுன்றான். செத்தது ஒவ்வொண்ணு முதுகுலயும் என் போட்டு கலரு! நானே ரெண்டு டப்பா கலந்து வெச்ச மயில் கழுத்து கலரு. வேற எவன்கிட்ட கீது?"

அவர் சாய்ந்து நின்ற எங்கள் கதவே அந்தக் கலர்தான்.

"எனக்கு இன்னா தெரியும்" என்றார் நைனா.

"ஆள் மட்டும் கெடைக்கட்டும், கைய ஒடிச்சிடறேன்."

என் நகக்கண்ணில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

20.1.2003

டப்பாவைக் கழிமுகத்தில் எறிந்துவிடலாம் என்று தேடினேன். காணோம். யார் எடுத்தது? அம்மாவா?

23.1.2003

எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. அனல்மின் நிலையத்து வெளிச்சத்தில் எழுதுகிறேன். அங்கே மட்டும் குறைச்சலே இல்லை.

நைனாவைப் படகிலிருந்து இறக்கிவிட்டார்கள். "நான்தான் பூசினேன்" என்று அவரே போய்ச் சொன்னாராம். அம்மா கத்தினாள். "உனுக்கு இன்னா பைத்தியமா? அவனவன் வாய மூடிக்கினு கீறான், நீ போய் தலைய குடுக்கற!"

நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என்னைப் பார்க்கவே இல்லை.

சொல்லிடலாமா? நாளைக்கு. நாளைக்குச் சொல்றேன்.

ஸ்டானிஸ்லாஸ் அண்ணனிடம் எரிந்து விழுந்தேன். "ஒரு வெள்ள பெயிண்டு வாங்கிக் குடுக்க உங்க கூட்டத்துல ஆள் இல்லியா?" "சாரிம்மா" என்றார். சாரியை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது?

2.2.2003

சொல்லவில்லை.

9.2.2003

நைனா இப்போது மாமாவின் சின்ன ஃபைபர் படகில் போகிறார். இன்று வலையில் இரண்டு முழத்துக்கு ஓட்டை.

"புது வலை! இன்னாய்யா மாட்டிச்சு?" என்றாள் அம்மா.

"ஆமை" என்றார் நைனா. "உயிரோட இருந்துச்சு. அறுத்து வுட்டுட்டேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா, "நாளைக்கு ஒரு சென்னாங்குனி எறா கூட வராது பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சாப்பிடும்போது நைனா தட்டைப் பார்த்தபடியே கேட்டார். "செத்தது மட்டுந்தான் எண்ணுவியா மங்கை? இது உன் நோட்டுல வராதா?"

டப்பாவை எடுத்தது யார் என்று இப்போதுதான் புரிந்தது.

"வராது நைனா" என்றேன்.

ஆனாலும் தனிப் பக்கம் போட்டிருக்கிறேன். உயிரோடு: ஒன்று.