சொல்வதற்கு முன்பே அழுதவள்

என் பாக்கியம் அக்காவுக்கு,
இந்தத் தெருவில் சரியாகக் காது கேட்ட ஒரே ஆளுக்கு,

நல்லா மாட்டிவிட்டுப் போனாய், போ. பாதிக் கதையில் நீ போனாய், நாம் பார்த்துவந்த தொடரும் பாதியிலேயே நின்றுவிட்டது. ஆறாவது பகுதியோடு முதல் பாதி முடிந்ததாம். மீதி விரைவில் வருமாம். விரைவில் என்றால் எப்போது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. உன் பெண் திவ்யா கம்பெனி பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஃபோனில் தேடிப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம்கூட ஆகலாம் சித்தி என்கிறாள். அதுவரை இந்த எரிச்சலை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

மனசில் இருப்பதை எழுதித் தா, குரூப்பில் போடுகிறேன் என்றவளும் அவள்தான். அந்த டைரக்டரைத் திட்டி நாலு வரி எழுதுவேன் என்று நினைத்திருப்பாள். திட்டத்தான் போகிறேன். ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை ஊர் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

நம் ஏற்பாடு உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரு ஆளால் ஆகாது. ஒருத்தி தறிக்குழியில் உட்கார்ந்து நெய்ய, இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான இழையை ஓட்டுகிற நாடாவை வாங்கித் தள்ள வேண்டும். குழியில் நீ, பக்கத்தில் நான். உன் கண் துணியை விட்டு நகரக் கூடாது, ஓர் இழை பிசகினால் கரை கோணிக்கொள்ளும். எனக்கு அந்தத் தொல்லை இல்லை, நடுநடுவே தலையைத் திருப்பலாம். அதனால் ஜன்னல் கட்டையில் சொம்பில் சாய்த்து வைத்த ஃபோனை நான் பார்ப்பேன், நீ கேட்பாய். படத்தில் நடப்பதை நான் சொல்லிக்கொண்டே வருவேன். நாலு வருஷத்தில் எத்தனை தொடர், எத்தனை கொலை. ஒன்றைக்கூட நீ கண்ணால் பார்த்தது கிடையாது. அப்படியும் யார் கொன்றது என்று தெருவில் முதலில் சொல்வது நீதான்.

இந்தக் கதையில் மலையூர் வாத்தியார் ஒருவர் காணாமல் போகிறார். ஏரியில் பிணம் கிடைக்கிறது. போலீஸ்காரர் ஒருவர் வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார், வாத்தியாரின் மனைவி ஓவென்று அழுகிறாள். முதல் பகுதியில் அவ்வளவுதான் அந்தக் காட்சி. நீ இழையை அடிக்கிற பலகையைப் பிடித்தபடி நிறுத்திவிட்டாய்.

"இன்னா கலா, அந்தாளு இன்னும் வாயவே தொறக்கல. அதுக்குள்ள இவ ஏன் அழுவுறா?"

அந்த நேரம் நான் ஃபோனைப் பார்க்கவில்லை அக்கா. நாடாவில் பட்டு தீர்ந்துபோய் பட்டு சுற்றிய வேறு தார் போட்டுக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், என்ன குறைந்துபோயிருக்கும்? ஆனால் கதை சொல்கிறவளுக்கு ஒரு திமிர் வந்துவிடுகிறது. அவர் தொப்பியைக் கழற்றினார், தலையை ஆட்டினார், அதைப் பார்த்துத்தான் அழுதாள் என்று அடித்துவிட்டேன். தலையாட்டியதோடு விட்டேனா, தொப்பியை வேறு சேர்த்தேன். நீயும் அதை நம்பி, மறுபடி மிதியை மிதிக்க ஆரம்பித்தாய்.

நாலாவது பகுதி முடிந்த அன்று, அவள்மேல்தான் சந்தேகம் என்று நீ மறுபடி அந்த இடத்துக்கே வந்து நின்றாய். அவரு நெஜமா தலைய ஆட்னாரா, இன்னொரு வாட்டி போட்டுப் பாரு என்றாய். போட்டுப் பார்த்தால் என் குட்டு உடைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் கோபத்தை எடுத்து முன்னால் வைத்தேன். என் கண் மேல் நம்பிக்கை இல்லையென்றால் நீயே திரும்பிப் பார்த்துக்கொள், நான் ஒன்றும் உன் கூலிக்காரி இல்லை என்றேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நீ வாயை மூடிக்கொண்டால் எட்டு ஊர் கூடினாலும் திறக்க முடியாதே.

பதினோரு நாள். கை நீட்டினால் தொடும் தூரம், நாடா மட்டும் உனக்கும் எனக்கும் நடுவே போய் வந்தது. அதற்கு நடுவில்தான் ஐந்தாவது பகுதி வந்தது. வழக்கம்போல ஃபோனைச் சொம்பில் சாய்த்து வைத்தேன். பார்த்தேன். ஆனால் சொல்லவில்லை. அதில் பேச்சே இல்லாமல், மழைச் சத்தம் மட்டும் கேட்கிற இடம் ஒன்று ரொம்ப நேரம் வரும். நீ என் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்தாய். நான் கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மழையில் என்ன நடந்தது என்று தெரியாமலேதான் நீ போய்ச் சேர்ந்தாய்.

சரி, இப்போது அந்த ஆறாவது பகுதிக்கு வருகிறேன்.

கருமாதி முடியும்வரை வீட்டில் யாரும் டிவி போடவில்லை. அதன் பிறகு வந்த முதல் அமாவாசை அன்று தறிக்கு லீவு. உனக்குப் படைத்து, காக்காய்க்குச் சோறு வைத்து, எல்லாரும் சாப்பிட்டு எழுந்ததும் எதிர்வீட்டு சுகுணா வந்து உட்கார்ந்துகொண்டாள். அக்கா இருந்தா பாத்திருக்கும், போடு என்றாள். சுகுணா குடும்பம், நம் குடும்பம், பின் தெருவில் இருந்து நாலு பேர் என்று கூடம் நிறைந்துவிட்டது. உன் வீட்டுக்காரர், மாமாவும் சுவரோரம் வந்து உட்கார்ந்தார். நீ போன பிறகு அவர் எங்களோடு உட்கார்ந்தது அன்றுதான்.

கடைசிக் காட்சியில், வழக்கை விசாரிக்கிற பெண் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் உட்கார்ந்து முதல் நாளை நினைத்துப் பார்க்கிறாள். அந்த வாசல் காட்சியை மறுபடி காட்டினார்கள். இந்த முறை நான் கண்ணை எடுக்கவில்லை. போலீஸ்காரர் கேட்டில் கை வைத்து நிற்கிறார். தொப்பி தலைமேலேயே இருக்கிறது. தலை ஆடவில்லை. வாய் திறக்கவில்லை. அதற்குள் அவள் அழுகிறாள். இன்ஸ்பெக்டர் ஜீப்பைத் திருப்பி அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறாள். உள்ளேயிருந்து யாரு என்று ஒரு குரல். அவ்வளவுதான், திரை கறுத்துவிட்டது. முதல் பாதி நிறைவு என்று எழுத்து வந்தது.

உன் கொழுந்தனார், என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, நெட் போய்விட்டது என்று நினைத்து எழுந்து போய் அந்தப் பெட்டியைத் தட்டினார். விஷயம் புரிந்ததும் கூடத்தில் வந்த கோபத்தை நீ கேட்டிருக்க வேண்டும். சுகுணாதான் எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

"பந்தியில ஒக்கார வெச்சி, எலையப் போட்டு, தண்ணி தெளிச்சிட்டு, சோறு அடுத்த வருஷம்னு சொல்றானுங்க."

திவ்யா ஃபோனில் வந்திருந்ததையெல்லாம் படித்தாள். ஒருத்தர் இதற்காக ஆபீசுக்கு லீவு போட்டாராம், அந்த லீவைத் திருப்பிக் கொடு என்று கேட்டிருக்கிறார். ஓர் அம்மா, மீதி வருவதற்குள் என் மருமகளுக்கு இரண்டாவது பிள்ளையே பிறந்துவிடும் என்று எழுதியிருக்கிறாள். கதவையாவது திறந்து காட்டியிருக்கலாமே என்று ஒருத்தர் கெஞ்சியிருக்கிறார். எல்லாரும் ஆத்திரப்பட்டார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். சொல்வதற்கு முன்பே அழுதாள் அல்லவா, அப்படியானால் அவளுக்கு முன்னாலேயே தெரியும், அவள்தான் கொன்றாள், இதற்கு இரண்டாம் பாதி எதற்கு என்கிறார்கள். நம் கூடமும் அதையே சொன்னது. பாக்கியம் அக்கா அன்னிக்கே சொல்லிச்சி என்று சுகுணா பெருமையாகச் சொன்னாள். உன் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு கோபம்.

"சொல்றதுக்கு முன்னாடி அழுதா கொலகாரியா? உங்க வூட்ல எவளும் அப்பிடி அழுததில்லையா?"

 கதைக்குப் போய் இவள் ஏன் குதிக்கிறாள் என்று பார்த்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். திவ்யா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மாமா மட்டும் சுவரோரமே உட்கார்ந்திருந்தார். யாரோ நடிக்கறதுக்கு நீ ஏம்மா இப்பிடி கோச்சிக்கிற என்று மெதுவாகக் கேட்டார்.

உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, பகல் பதினோரு மணிக்கு ஆட்டோ திரும்பி வந்தது. நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மாமா மட்டும் இறங்கினார். வந்தவுடன் தண்ணி குடும்மா என்பாரே, அன்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். தலையை ஆட்டவில்லை, வாயைத் திறக்கவில்லை. அதற்குள் நான் அக்கா என்று அலறிவிட்டேன். சுகுணா ஓடிவந்தது என் சத்தம் கேட்டுத்தான். எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரிந்தது?

எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியும். அந்த அமாவாசை அன்று மாமாவிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் தறியில் நீ இடது தோளைப் பிடித்துக்கொண்டாய். இரண்டு தடவை. மூன்றாவது தடவை பலகையை இழுக்க முடியாமல் கை அப்படியே நின்றது, நெற்றியெல்லாம் வேர்வை. நான் பார்த்தேன். தறிக்காரிக்குத் தோள் வலிக்காமல் வேறென்ன வலிக்கும், நமக்கெல்லாம் தினமும் வலிப்பதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அது மட்டும் இல்லை. முதலில் பேசினால் நான் தோற்றுப்போவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாடாவைத் தள்ளினேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று சாதித்தவள், பார்த்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மாமா தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"எங்கிட்ட சொன்னாம்மா. தறி வலிதான்னு நான்தான் தைலம் தேச்சி வுட்டு, படுத்துக்கோன்னு சொன்னேன்."

 சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உன்மேலும் எனக்கு ஆத்திரம் இருக்கிறது அக்கா, இல்லை என்று சொல்ல மாட்டேன். மாமாவிடம் சொன்னாயே, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என்னிடம் சொன்னால் என்ன? கலா, வலிக்குதுடி என்று ஒரு வார்த்தை. பதினோரு நாள் கோபம் உனக்கு உயிரைவிடப் பெரிதா? நான்தான் சின்னவள், அறிவு கெட்டவள். நீ பெரியவள்தானே? சண்டை போட ஒரு ஆள் வேண்டும் என்றால் தெரு முழுக்க இருக்கிறார்கள். சமாதானம் ஆவதற்குத்தான் நீ வேண்டும். அதற்குக்கூட வழி இல்லாமல் செய்துவிட்டாயே.

போலீஸ்காரர் தலையை ஆட்டவில்லை. நீ கேட்டதுதான் சரி, நான் சொன்னது பொய். ஆனால் அவள்தான் கொன்றாள் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவள் எதைப் பார்த்தாளோ. பார்த்தும் கேட்காமல் விட்டாளோ. அதற்கு என்ன பெயர் என்று அந்த டைரக்டருக்குத் தெரியுமா? தெரிந்துதான் கதவைத் திறக்காமல் விட்டானா, இல்லை அவனுக்கே தெரியாதா? தெரு முழுக்கத் தீர்ப்புச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது. எனக்குத்தான் அந்தக் கதவு திறந்தாக வேண்டும்.

இப்போது குழியில் நான் உட்காருகிறேன். சுகுணா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுகிறாள். ஏதோ வேறு தொடர் போட்டிருக்கிறாள். அவள் கதை சொல்வதைக் கேட்டால் உனக்கு அடிக்கலாம் போலிருக்கும், முடிவை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு நடுவுக்கு வருகிறாள். கண்ணைத் துணியில் வைத்துக்கொண்டு இன்னொருத்தி சொல்வதை நம்பி உட்கார்ந்திருப்பது எப்படி என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. நேற்று ஏதோ கீழே விழுகிற சத்தம் கேட்டது. என்ன ஆச்சு என்று கேட்டேன். சுகுணா சர்வசாதாரணமாக, நான் பாக்கலக்கா, நூலு அந்து பூட்ச்சி என்றாள். ஃபோனை எடுத்துப் பின்னால் தள்ளி, மறுபடி போட்டுச் சொன்னாள். அரை நிமிஷம் ஆயிற்று. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு கரை தெரியவில்லை, நெய்வதை நிறுத்திவிட்டேன்.

மீதிக் கதை எப்போது வேண்டுமானாலும் வரட்டும். வருகிற அன்று தறியில் உட்காராமல், கையில் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல், முதலில் இருந்து கடைசிவரை பார்த்து உனக்குச் சொல்கிறேன். அந்த மழையில் என்ன நடந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவள்தான் கொன்றாள் என்று வந்தால், நீதான் ஜெயித்தாய் என்று உன் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொல்வேன், தெரு கேட்கட்டும். எங்கேயாவது என் கண் தவறிவிட்டால் பார்க்கவில்லை என்று சொல்வேன் அக்கா. இது சத்தியம். எனக்குப் பக்கத்தில் யார் தோளைப் பிடித்துக்கொண்டாலும், நான் பேச்சை நிறுத்திய ஆளாகவே இருந்தாலும், வலிக்குதா என்று முதலில் கேட்பேன்.

இன்னும் உன்மேல் கோபமாகவே இருக்கும்,
உன் ஓர்ப்படி,
கலா