நான் எழுதிய காய்ச்சல் கடிதம்

பிப்ரவரி 11, செவ்வாய்

கடிதச் சக்கரவர்த்தியான நான் இன்று அக்கா மகள் வித்யாவின் செமஸ்டரைக் கவிழ்த்துவிட்டேன். மாநில ஓட்டப்பந்தயத்துக்குப் போன நாட்களின் விடுப்புக்கு கோச்சின் சான்றிதழே போதும். அது வரத் தாமதமானதால், அவளுக்கு டைபாய்டு, எமன் வாசல்வரை வந்துபோனான் என்று கல்லூரிக்கு விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

துறைத்தலைவர் அந்தக் கடிதத்தின் பக்கத்தில் பத்திரிகைப் படத்தை வைத்தார். காய்ச்சல் என்று நான் எழுதிய அதே நாளில் வித்யா மெடலோடு சிரிக்கிறாள்.

"எமனும் கூட ஓடினானா, சாரே? பொய் எழுதினப்புறம் சான்றிதழ் எதுக்கு? இந்தத் தடவை இவளுக்குப் பரீட்சை இல்லை."

வித்யாவோடு பஸ்ஸில் தம்பானூர் வந்தேன். இறங்கும்போது, "இனி எனக்காக ஒண்ணும் எழுத வேண்டாம், கேட்டேளா மாமா" என்றாள்.

துறைத்தலைவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுத எடுத்த காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். தினமும் கேட்பதுபோல், விடியற்காலைப் பயிற்சிக்கு அலாரம் வைத்தாளா என்று கேட்கவும் வாய் வரவில்லை.