புகை கடலுக்குப் போகவில்லை, ராத்தா

கூடப்பிறந்த என் உசிரான ராத்தாவுக்கு,

ஸலாம். தொழுது உங்களுக்காக துஆக் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். கோபம் மட்டும் இறங்கவில்லை.

உங்கள் வீட்டுக்குக் கிழக்கே உள்ள அரிசி ஆலை இன்னும் உமியை எரித்துத்தான் நெல் அவிக்கிறது. பகலில் கடல்காற்று எழும்பியதும் உயரம் குறைந்த அந்தக் கட்டைப் புகைபோக்கியின் கரும்புகை நேரே உங்கள் வீடிருக்கும் குறுகிய ஒழுங்கைக்குள் இறங்குகிறது. மூச்சுத் திணறும் முட்டு வருத்தத்தோடு ஜன்னல்களைப் பூட்டிக்கொண்டு, வெக்கைக்குள் நீங்கள் கிடந்ததை எப்படி மறப்பேன்? அந்த முட்டிலேயே போய்விட்டீர்களே.

உங்கள் மௌத்துக்குப் பிறகு ஆலைக்கார ஹாஜியார் நெல் அவிக்க இரண்டாவது பொயிலருக்கு அனுமதி கேட்டார். பிரதேச சபையில் கூட்டம் வைத்தார்கள். அவர் கூட்டிவந்த நிபுணர், புகை எங்கே பரவும் என்று கணினியில் கணித்த வரைபடத்தைத் திரையில் காட்டினார். அதில் புகை முழுவதும் கடலுக்குப் போனது. உங்கள் ஒழுங்கை இருக்க வேண்டிய இடத்தில் வயல் என்று போட்டிருந்தது.

பல்கலைக்கழகத்தில் நான் படிப்பிக்கிற பாடமே இதுதான். எழும்பிக் கேட்டேன்: "எந்த ஊர்க் காத்த வெச்சுக் கணிச்சிருக்கீங்க?"

உள்நிலத்தில் எங்கோ ஒரு வானிலை நிலையத்தைச் சொன்னார். கடல்காற்றே எட்டாத இடம்.

"நீங்க வயல் எண்டு போட்ட இடத்திலதான் என்ட ராத்தா இருந்தவ. அவட மகள் இன்னும் அங்கதான் இருக்கா."

ஹாஜியார் குறுக்கிட்டார். "மௌத்து அல்லாஹ்ட நாட்டம், மகள்."

"ஓம் ஹாஜியார், மௌத்து அல்லாஹ்ட நாட்டம். புகைபோக்கியக் கட்டையாக் கட்டினது உங்கட நாட்டம்."

அந்த வரைபடத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தேன், ராத்தா.

பிறகு பாடசாலைக் கூரையில் காற்றளக்கும் கருவியைப் பூட்டி, நம் ஊர்க் காற்றை வைத்து நானே மறுபடி கணித்தேன். வரைபடத்தில் உங்கள் ஒழுங்கைதான் கடும் சிவப்பு. சபையால் மறுக்க முடியவில்லை. இரண்டாவது பொயிலருக்கு அனுமதி இல்லை என்றார்கள். இருக்கிற புகைபோக்கியை உயர்த்தச் சொன்னார்கள்.

உங்களைக் கட்டிய மச்சானுக்குச் சந்தோஷம். எனக்கு நிம்மதி வரவில்லை. உயரத்தைக் கூட்டிக் கணித்துப் பார்த்தேன். புகை நம் ஒழுங்கையைத் தாண்டி, மேற்கே வாய்க்காலுக்கு அப்பால் உள்ள குடியிருப்பில் இறங்கியது.

மச்சானிடம் சொன்னேன். "நம்மட புள்ள தப்பினாக் காணும்தானே?" என்றார்.

"அங்கயும் ஆருக்கோ ஒரு ராத்தா இருப்பா, மச்சான்."

பெற்ற பிள்ளை இருமுகிறதைத் தினமும் கேட்கிற மனிதர். அவரை என்ன சொல்ல? நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

புகையை ஆலைக்குள்ளேயே பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் இருக்கிற பொயிலரும் எரியக் கூடாது என்று மறுபடி சபையில் கேட்டிருக்கிறேன். "படிச்ச பொம்புளைக்கு ஏன் இந்த வேல?" என்று ஹாஜியார் ஆள் அனுப்பிக் கேட்கிறார். கேட்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு வாய்க்காலுக்கு அப்பாலுள்ள பெண்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர்கள் கதைத்து முடிக்கும்வரை அந்த மண்டபத்திலிருந்து ஒருவரையும் எழும்பிப் போக விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களோடு ஒரே வயிற்றில் பிறந்த
தங்கச்சி