விற்றுவிட்ட டிரம்கள்

6.5.1991
இன்றும் குழாயில் காற்றுதான் வந்தது. மழை இல்லாமல் மலாக்கா முழுக்கத் தண்ணீருக்கு முறை வைத்துவிட்டார்கள். தஞ்சோங் கிளிங்கில் எங்கள் பழைய சாமான் கடையில் மட்டும் கூட்டம். இரும்பு, காகிதம், போத்தல் எல்லாம் ஓரமாகக் கிடக்கின்றன. எல்லோரும் கேட்பது தண்ணீர் பிடித்து வைக்க ஒரு டிரம். என் வீட்டுக்காரர் ஒரு ஃபேக்டரியிலிருந்து லாரி நிறைய நீல டிரம் கொண்டுவந்தார். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டேன். ஏதோ சோப்பு மாதிரி, கழுவினால் போய்விடும் என்றார்.

9.5
டிரம் கழுவுகிற அங்கமுத்து அண்ணனுக்கு உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு வேலை செய்கிறார். கழுவி வைத்த ஒரு டிரம்முக்குள் குனிந்து பார்த்தேன். கண் எரிந்தது, தொண்டை வரை கசப்பு.
இவரிடம் சொன்னேன். வெயிலில் காய்ந்தால் சரியாகிவிடுமாம், வாங்கியவர்கள் யாரும் குறை சொல்லவில்லையாம். வாங்கியவர்கள் யார்? புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் பாதி லாரி போய்விட்டதாம்!

11.5
ஃபேக்டரிக்குப் போன் செய்தேன். ஆபீசில் விஷயத்தைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள். மறுபடி அடித்தபோது ஸ்டோரில் வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண் எடுத்தாள். டிரம்மில் இருந்தது இரும்பில் துரு எடுக்கிற மருந்தாம். முறைப்படி அழிப்பதற்கென்று சொல்லித்தான் டிரம்களை வெளியே விட்டார்களாம். "அக்கா, அதுல தண்ணி மட்டும் பிடிச்சிடாதீங்க" என்றாள்.
தோட்டத்தில் போய்ச் சொல்லிவிடுவோம் என்றதும் இவர் கத்தினார். "நாமே போய் விஷம் வித்தோம்னு சொல்லணுமா தேவி? அப்புறம் கடை இருக்குமா?"
கடை இருக்கணும்னு அவங்க அதைக் குடிக்கணுமா? கேட்டுவிட்டேன். வெளியே போய்விட்டார்.

12.5
தனியாக பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வாசலுக்கு வாசல் எங்கள் டிரம். மூடி போட்டு, மேலே குவளை கவிழ்த்து, பத்திரமாக.
முதல் வீட்டில் குஞ்சம்மா என்ற அக்கா. சொன்னதும் நம்பினார். மகளுக்கு வாயெல்லாம் புண், எது கொடுத்தாலும் வாந்தி. அப்படியும் டிரம்மை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.
"தண்ணி லாரி எப்ப வரும்னு தெரியாதும்மா. இதையும் ஊத்திட்டா புள்ளைக்கு எதைக் குடுக்கறது?"
கூட்டம் சேர்ந்தது. வித்தது நீங்கதானே என்று யாரோ கேட்டார்கள். ஆமாம் என்றேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
குஞ்சம்மாவின் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தேன். ஒரு டிரம்கூடக் காலியாகவில்லை. வெறுங்கையோடு போய்ப் புத்தி சொன்னால் யார் கேட்பார்கள்?

13.5
பிள்ளையின் வாய் எப்படி இருந்தது என்று காலையில் இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். சாப்பிடாமல் லாரியை எடுத்துக்கொண்டு போனார். கோபம் என்று நினைத்தேன். சாயங்காலம் கிச்சாப் என்கிற சோயா சாஸ் செய்யும் இடத்திலிருந்து காலி டிரம்களோடு வந்தார். பக்கத்துக் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்துக்காரர்களிடம் கேட்டு, அவர்கள் கிணற்றிலிருந்து நிரப்பினோம்.
"வாடை இருக்கு. ஆனா திங்கிற பொருளோட வாடை" என்றார்.

14.5
இருவரும் போனோம். வீட்டுக்கு வீடு, தண்ணீரோடு புது டிரம்மை இறக்கிய பிறகுதான் நீல டிரம்மை எடுத்தோம். நான் பேச வாயெடுத்தபோது இவர் தடுத்தார். "நான்தான் வித்தேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் அவரே சொன்னார். ஒருவர் மட்டும் காறித் துப்பினார். இவர் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

2.6
குஞ்சம்மாவின் மகள் சோறு சாப்பிடுகிறாளாம். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி வந்து சொன்னார்.
மழை இன்னும் இல்லை. நாங்கள் தகவல் சொன்னதும் நீல டிரம்களை எடுத்துப்போக வருகிறோம் என்ற அரசாங்க ஆட்களும் இன்னும் வரவில்லை. கடைக்குப் பின்னால் அடுக்கிக் கிடக்கின்றன. மத்தியானம் புக்கிட் காத்திலிலிருந்து ஒருவர் வந்தார். அவற்றைப் பார்த்துவிட்டார். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை, எது ஆனாலும் பரவாயில்லை, ஒன்று கொடுங்கள் என்று கெஞ்சினார். இவர் உள்ளே போய் டிரில் மெஷினை எடுத்துவந்து, ஒவ்வொரு டிரம்மின் அடியிலும் ஓட்டை போட ஆரம்பித்தார். நான் வயரைப் பிடித்துக்கொண்டேன்.